பொருள்: மறு: மறு: புரையேற்றம், விழுங்கற்குறை (வெள்ளிக்குள் தேவை)

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பக்கவாத நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கான கையேடு ஒன்று வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. நான்கு இடங்களில் சொல் கிடைக்காமல் நிற்கிறேன்.

1. டிஸ்பேஜியா: வாயிலிட்டதை விழுங்க முடியாமல் திணறுவது.
2. ஆஸ்பிரேஷன்: உணவோ நீரோ எச்சிலோ குரல்நாண்களைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது.
3. சைலன்ட் ஆஸ்பிரேஷன்: அதுவே இருமல் எழாமல் நடப்பது.
4. கெட்டியாக்கிய பானங்களின் படிநிலைப் பெயர்கள்.

படிக்கப்போவது மருத்துவர்கள் அல்லர். கரண்டியைக் கையில் வைத்திருப்பவர்கள்.

செ.

---

செ. அவர்களுக்கு,

முதலாவதற்கு 'விழுங்கற்குறை'. விழுங்கல் + குறை, புணர்ச்சி சரி. 'விழு' என்னும் அடியிலிருந்தே விழுங்கு பிறந்தது என்பது என் துணிபு. வாயிலிட்டது உள்ளே விழுகிறது. விழச் செய்வது விழுங்கல். இதைவிடச் செறிவாக வேண்டுமென்றால் 'மிடற்றிடர்' என்க (மிடறு, தொண்டை). "தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ" என்று பிறப்பியல் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் மிடற்றைக் காட்டிவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் கையிலிருக்க டிஸ்பேஜியா எதற்கு?

வ.

---

வ. ஐயா,

அந்த நூற்பாவில் மிடற்றில் நிற்பது வளி, சோறு அன்று. அவர் பேசுவது ஒலி பிறக்கும் மூச்சுப்பாதையை. நம் கையேட்டின் வேலையே அந்தப் பாதைக்குள் உணவு போகாமல் காப்பதுதான். "ஒரு மிடறு தண்ணீர்" என்னும் வழக்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூச்சுக்கும் உணவுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பத்தை நாமே அச்சிட்டதாகும்.

'விழு' வேரும் உடலியலோடு ஒட்டவில்லை. உணவு தானாக விழுவதில்லை. நாக்கு பின்னோக்கித் தள்ள, குரல்வளை மேலெழுந்து முன்நகர, குரல்வளை மூடி கவிய, உணவுக்குழாயின் மேல்வாய் திறக்க, ஒரு நொடிக்குள் முடிகிற வேலை அது. தலைகீழாக நின்றும் விழுங்கலாம்.

'தடை' என்று யாராவது முன்மொழியும் முன் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தடை என்றால் அடைப்பு. உணவுக்குழாய் குறுகியிருந்தால் முதலில் இட்லியும் சோறும் சிக்கும், பிறகே தண்ணீர். பக்கவாதத்தில் பெரும்பாலும் நேர்மாறு. தண்ணீர்தான் முதலில் ஏமாற்றும். முதல் வகையினர் "நெஞ்சுல நிக்குது, இறங்க மாட்டேங்குது" என்பார்கள். இரண்டாம் வகையினர் "தண்ணி குடிச்சாலே பொரையேறுது" என்பார்கள். நோயாளிகள் நம்மைவிடத் தெளிவாகவே பிரித்துவைத்திருக்கிறார்கள்.

தலைப்புக்கு 'விழுங்குவதில் சிரமம்' போதும்.

மரு. க.

---

'விழுங்குவதில் சிரமம்' கலைச்சொல் அன்று, வாக்கியத்தின் பாதி. 'சிரமம்' தமிழும் அன்று.

வ.

---

வணக்கம். யாழ்ப்பாணத்தில நாங்கள் 'புரைக்கேறுதல்' எண்டுதான் சொல்லுறது. ஆஸ்பிரேஷனுக்கு அதைவிட்டு 'உள்ளிழுப்பு' எண்டு சில கையேடுகளில போடுகினம். அது மூச்சு இழுக்கிறதுக்குரிய சொல். ஆஸ்துமா மருந்துத் தாளில அதே சொல் இருக்கும். எங்கட வோட்டு 'புரையேற்ற'த்துக்கு.

த.

---

த. அண்ணாவோடு உடன்படுகிறேன், ஆனால் ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. புரையேறுதல் என்றாலே நம் காதில் இருமல் கேட்கிறது. உச்சந்தலையில் தட்டுவதும், யாரோ நினைக்கிறார்கள் என்பதும் அந்த இருமலுக்குத்தான். தொண்டையின் உணர்ச்சி மங்கிய நோயாளிக்கு இருமலே எழாது. "இருமவில்லை, அப்போ புரையேறவில்லை" என்று வீட்டார் நினைப்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. அவர்கள் பார்க்க வேண்டியவை வேறு: விழுங்கியபின் "ஆ" என்று சொல்லச் சொன்னால் குரல் ஈரமாகக் கொப்புளிக்கிறதா, சாப்பிடச் சாப்பிட மூச்சு வேகமாகிறதா, காரணம் தெரியாத காய்ச்சலும் நெஞ்சுச்சளியும் திரும்பத் திரும்ப வருகிறதா.

ஆகவே மூன்றாவது சொல்லில்தான் நம் உழைப்பு தேவை.

ம. (பேச்சு, விழுங்கல் பயிற்சியாளர்)

---

'ஊமைப்புரை'! ஊமைக்காயம், ஊமைக்குத்து, ஊமைவெயில் போல. வெளியே தெரியாமல் உள்ளே வேலை செய்வதற்குத் தமிழ் வைத்திருக்கும் அடை அது. ஓரெழுத்தும் கூட்ட வேண்டாம்.

இ.

---

இ., அழகான சொல். ஆனால் பக்கவாதத்தில் பேச்சும் போனவர்கள் பலர். அவர்கள் வீட்டுக்குப் போகும் தாளில் 'ஊமை' என்று அச்சிட முடியாது. 'புரை' மட்டும் நின்றால் கண்புரை என்றும் படிப்பார்கள்.

ம.

---

அப்படியானால் 'இருமாப் புரையேற்றம்'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணம் குறைவற்றது.

வ.

---

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் ஐயா. ர, ற பிரித்துச் சொல்லாதவர் வாயில் 'இறுமாப்பு' வருகிறது.

இ.

---

நான்காவதற்கு வருகிறேன். மோர்ப்பதம், தேன்பதம், களிப்பதம் என்று ஒருவர் தனிமடலில் பட்டியல் அனுப்பியிருந்தார். 'பதம்' அருமை. பாகு காய்ச்சியவர் எவருக்கும் கம்பிப்பதமும் உருட்டுப்பதமும் தெரியும். ஆனால் மோரையும் தேனையும் விட்டுவிடுங்கள். ஒரு வீட்டு மோர் இன்னொரு வீட்டில் தண்ணீர். தேன் குளிரில் ஒன்று, வெயிலில் ஒன்று. ஐடிடிஎஸ்ஐ (விழுங்கச் சிரமப்படுவோரின் உணவு, பானங்களுக்கான பன்னாட்டு அளவுகோல்) எண்ணுக்குப் போனதும் இதனால்தான். 0 முதல் 4 வரை பானம், 3 முதல் 7 வரை உணவு. '2-ஆம் பதம்' என்றே எழுதலாம்.

பதத்தை அளக்கும் சோதனையையும் சேர்த்து அச்சிடுங்கள். 10 மி.லி. ஊசிக்குழல், 0 முதல் 10 வரையான கோடுகளின் நீளம் 61.5 மி.மீ. இருக்க வேண்டும், வேறு குழலில் கணக்கு தப்பும். உந்துதண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, 10 வரை பானத்தை ஊற்றி, விரலை எடுத்துப் 10 நொடியில் மறுபடி அடைக்கவும். மிச்சம் 1 மி.லி.க்குக் குறைவு என்றால் 0-ஆம் பதம். 1 முதல் 4 வரை 1. 4 முதல் 8 வரை 2. 8-க்கு மேல், ஆனாலும் கொஞ்சம் வடிந்தால் 3. சொட்டும் வடியாவிட்டால் 4-ஆகலாம்; அதைக் கரண்டியைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மொத்தமாக வழுக்கி விழ வேண்டும், கரண்டியில் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

பரிமாறும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். மாவுச்சத்துப் பொடியால் கெட்டியாக்கியதில் வாய் வைத்த கரண்டியைத் திரும்ப விட்டால் எச்சில் அதை நீர்க்கச் செய்துவிடும். சாந்தன் கோந்தால் கெட்டியாக்கியது அப்படி நீர்க்காது. மலச்சிக்கலுக்குக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளை மாவுச்சத்துப் பானத்தில் கலந்தாலும் நீர்த்துப்போகும். இதைக் கட்டம் போட்டு எழுதுங்கள்.

ரசஞ்சாதம் எந்தப் பதம் என்று கேட்பார்கள். எதிலும் சேராது. ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்தங்கும். ஒரு வாயில் இரண்டு வேகம் கூடாது.

ம.

---

சோதனைக்குப் பெயர்: 'பாய்வுச் சோதனை'யா, 'வடிசோதனை'யா? பாய்வது ஆறு. குழலில் இருப்பது வடியும்.

வ.

---

'வடி' என்றால் சோறு வடிப்பதும்தானே ஐயா? இதற்கு நாளைக்குத் தனி இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

செ.

---

அன்புள்ளவர்களுக்கு,

இரவு பதினொன்று. அச்சுக்குப் போவது: தலைப்பில் 'விழுங்குவதில் சிரமம்', அடைப்புக்குள் ஒருமுறை மட்டும் 'விழுங்கற்குறை' (வ. ஐயாவுக்காக). 'புரையேற்றம்', 'இருமலில்லாப் புரையேற்றம்'. '0-ஆம் பதம்' முதல் '4-ஆம் பதம்' வரை. 'பாய்வுச் சோதனை', ஏனென்றால் படத்தில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது. மோவாயைத் தாழ்த்தி விழுங்கும் முறைக்குப் பெயரே வைக்கவில்லை. எல்லோருக்கும் அது பொருந்தாது என்பதால், "பயிற்சியாளர் சொல்லியிருந்தால் மட்டும்" என்று தொடங்கி ஏவலாகவே எழுதிவிட்டேன்.

நன்றி.

செ.

---

என் மறுப்பைப் பதிவு செய்க. நுரையீரல் தொண்டைக்குக் கீழே இருக்கிறது. கீழே இறங்குவதை 'ஏற்றம்' என்று ஒரு மருத்துவக் கையேடு எழுதுமா?

வ.