ஆப்பிரிக்காவின் புறக்கணிக்கப்பட்ட நோய்கள்: மருந்தே இலவசம் என்றால் ஆராய்ச்சிக்கு எதற்கு நிதி?

குழித்துறை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குழித்துறைப் பக்கம் ரப்பர் தோட்டக்காரர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் செயற்குழுவில் இருக்கிறேன். எங்கள் ஊரைச் சேர்ந்த அருட்சகோதரி ஒருவர் காங்கோ ஜனநாயகக் குடியரசில் செவிலியராகப் பணியாற்றுகிறார். உறக்க நோய், ஆற்றுக் குருடு, யானைக்கால் போன்ற நோய்களுக்கு வந்துகொண்டிருந்த வெளிநாட்டு நிதி 2025 தொடக்கத்திலிருந்து சுருங்கிவிட்டது என்று அவர் எழுதியிருந்தார். அதைப் படித்த சில உறுப்பினர்கள், இந்த ஆண்டு ஒரு தொகையை அந்நோய்கள் குறித்த ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள். வேறு சிலருக்கு உடன்பாடு இல்லை. "பெரிய நிறுவனங்கள் மாத்திரையை இலவசமாகவே கொடுக்கின்றன, நம் மாவட்டத்தில் யானைக்கால் நோயை அடக்கியதும் அதே மாத்திரைதான், இனி ஆராய என்ன மீதமிருக்கிறது?" என்பது அவர்கள் வாதம். அடுத்த கூட்டத்தில் நான் பதில் சொல்ல வேண்டும். துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையாற்றங்கரை எழுதியது:

ஐயா, நான் சுகாதாரத் துறையில் யானைக்கால் தடுப்புப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் உறுப்பினர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் அதில் ஒரு விஷயம் தவறிப்போகிறது. நம் ஊரில் வேலை செய்த மாத்திரையை அங்கே அப்படியே கொடுக்க முடியாது.

இங்கே வீடு வீடாக ஆண்டுக்கொரு முறை கொடுத்தது டி.இ.சி. என்னும் மருந்து. ஆப்பிரிக்காவில் பல பகுதிகளில் யானைக்கால் புழு இருக்கும் அதே உடம்பில் ஆற்றுக் குருடு நோயின் புழுவும் இருக்கும். வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கருப்பு ஈ கடித்துப் பரவும் அந்தப் புழுவின் குஞ்சுகள் தோலிலும் கண்ணிலும் குடியிருப்பவை. இரண்டு புழுவும் உள்ளவருக்கு டி.இ.சி. கொடுத்தால் அந்தக் குஞ்சுகள் மொத்தமாக மடிந்து, கடும் அரிப்பும் காய்ச்சலும் உண்டாகி, பார்வையே பாதிக்கப்படலாம். ஆகவே அங்கே ஐவர்மெக்டினும் அல்பெண்டசோலும் கொடுக்கிறார்கள். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் அதற்கும் ஒரு தடை உண்டு. லோவா என்னும் மூன்றாவது புழு இரத்தத்தில் மிகுதியாக இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைக் கிராமத்திலேயே சில நிமிடங்களில் சொல்லிவிட, கைப்பேசியை நுண்ணோக்கியாக மாற்றும் கருவி ஒன்றை உருவாக்கி 2015-இல் கேமரூனில் சோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் அத்தகைய பகுதிகளில் துணிந்து மருந்து வழங்க வழி பிறந்தது. மருந்து இலவசமாகக் கையில் இருந்தும் அதைக் கொடுக்க முடியாத நிலையை மாற்றியது ஆராய்ச்சிப் பணம்தான்.

நோய் கண்டறியும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரவில்தான் மேலோட்டமான இரத்தத்துக்கு வரும் என்பதால், இரவு பத்து மணிக்கு மேல் டார்ச் விளக்கோடு வீடு வீடாகச் சென்று, தூங்கியவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பரப்பி எடுத்துவருவோம். குளச்சல், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் பரிசோதிக்கப்பட வேண்டிய ஆண்கள் பலர் அந்நேரம் கடலில் இருப்பார்கள், பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்கமாட்டார். தேங்காய்க் கதம்பை ஊறப்போடும் குட்டைகளுக்குப் பக்கத்து வீடுகளில் எங்களைத் திட்டாத ஆளே இல்லை (அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை). பகலிலேயே ஒரு துளி இரத்தத்தில் புழுவின் அடையாளத்தைக் காட்டும் சோதனைப் பட்டை பிற்காலத்தில் வந்தது. அதுவும் யாரோ பணம் போட்டு ஆராய்ந்ததால் வந்ததுதான்.

மருந்திலும் குறை இருக்கிறது. ஐவர்மெக்டின் குஞ்சுகளைக் கொல்லுமே தவிர, பத்து, பதினைந்து ஆண்டுகள் உயிரோடு இருக்கும் ஆற்றுக் குருடு நோயின் தாய்ப் புழுவைக் கொல்லாது. அது சாகும்வரை, ஆண்டு தவறாமல் ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். "தேவைப்படும் வரை, தேவைப்படும் அளவு" என்று ஐவர்மெக்டினைத் தயாரிக்கும் மெர்க் நிறுவனம் 1987-இல் வாக்களித்து இன்றுவரை கொடுத்துவருவது பெரிய காரியம். ஆயினும் தாய்ப் புழுவைக் கொல்லும் பாதுகாப்பான மருந்து கிடைத்தால் அந்த "வரை" சுருங்கும். அதற்கான சோதனைகள் இப்போதும் நடக்கின்றன.

மருந்தியல் மாணவி எழுதியது:

பழையாற்றங்கரை ஐயா சொன்னதோடு உறக்க நோயின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கூட்டத்தில் சொல்ல அதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

செட்சி ஈ கடித்துப் பரவும் இந்நோய் மூளையை எட்டிய பிறகு கொடுக்கப்பட்ட பழைய மருந்து மெலார்சோப்ரால். அது ஆர்சனிக் கலந்தது. ஊசி போட்டவர்களில் ஏறத்தாழ இருபதில் ஒருவரை மருந்தே கொன்றது. இதைவிட நல்ல மருந்தான எஃப்ளார்னித்தின் தயாரிப்பு, வாங்க வசதியில்லாத நோயாளிகளுக்கானது என்பதால் 1990-களில் நின்றுபோனது. பிறகு அதே மூலப்பொருள் பெண்களின் முகத்தில் முடி வளர்வதைத் தடுக்கும் களிம்பாகச் சந்தைக்கு வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் அழுத்தம் கொடுத்தபின், 2001-இல்தான் அது நோயாளிகளுக்கு இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது.

1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த 1,393 புதிய மருந்துகளில் வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து வந்தவை 16 மட்டுமே. இந்த நிலைமைக்குப் பதிலாக 2003-இல் உருவானதுதான் டி.என்.டி.ஐ. என்னும் இலாப நோக்கற்ற மருந்து ஆராய்ச்சி அமைப்பு. நமது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், கென்யா, பிரேசில் நாடுகளின் நிறுவனங்களும் அதன் நிறுவனப் பங்காளிகள். ஜெர்மானிய நிறுவனம் ஒன்று 1980-களில் கைவிட்டிருந்த ஃபெக்சினிடசோலை அவர்கள் தூசி தட்டி எடுத்து, காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் சோதித்து, 2018-இல் ஒப்புதல் பெற்றார்கள். பத்து நாள் சாப்பாட்டோடு விழுங்கும் மாத்திரை, அவ்வளவுதான். மின்சாரம் இல்லாத ஊரில் நாட்கணக்கில் நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டிய தேவை பெருமளவு குறைந்தது. 1998-இல் ஏறத்தாழ 40,000 பேருக்குப் பதிவான நோய், 2018-இல் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. உங்கள் அருட்சகோதரி இருக்கும் நாட்டில்தான் மிச்சமிருக்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் இருக்கிறார்கள். இந்த இறக்கம் மாத்திரை வருவதற்கு முன்பே நடந்தது. ஊர் ஊராகச் சென்று நோயாளிகளைத் தேடிய குழுக்களுக்கு அதில் பெரும்பங்கு உண்டு.

சந்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இத்தகைய நோய்க்கு மருந்து கொண்டுவரும் நிறுவனத்துக்கு, வேறொரு மருந்தின் அனுமதிப் பரிசீலனையை விரைவுபடுத்தும் சீட்டு ஒன்றை அமெரிக்கா 2007 முதல் பரிசாகக் கொடுக்கிறது. அதை விற்கவும் செய்யலாம். பீகாரில் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு 2002-இலேயே இந்தியாவில் ஒப்புதல் பெற்ற மில்டெஃபோசினுக்கு, 2014-இல் அமெரிக்க அனுமதி வாங்கிய கனடா நிறுவனம் ஒன்று, அந்தச் சீட்டை 12.5 கோடி டாலருக்கு விற்றது. மருந்தை ஆராய்ந்து உருவாக்கியதில் அந்நிறுவனத்துக்குப் பங்கே இல்லை. உழுதவன் ஒருவன், அறுத்தவன் இன்னொருவன் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம்.

நாஞ்சில் கணக்கர் எழுதியது:

இருவரும் நன்றாகவே விளக்கிவிட்டார்கள். நான் பணத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இத்துறையில் நிதியின் பெரும்பகுதி ஒருசில கைகளிலிருந்துதான் வருகிறது: அமெரிக்க அரசு, பிரிட்டிஷ் அரசு, ஐரோப்பிய ஒன்றியம், கேட்ஸ், வெல்கம் போன்ற அறக்கட்டளைகள். புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கான ஆராய்ச்சி நிதி என்று சொல்லப்படுவதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்குமே போய்விடும். மிச்சத்தைத்தான் மற்ற நோய்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. கொடுப்பவர் சிலர் என்பதால் ஒருவர் கையை இழுத்தாலும் ஆட்டம் காண்கிறது. 2021-இல் பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைத்தபோது, ஆப்பிரிக்காவில் இந்நோய்களுக்காக நடந்த பெரிய திட்டம் பாதியில் நின்றது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் நிதி நிறுத்தப்பட்டது, மே மாதத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன்னிடம் மானியம் பெற்றவர்கள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் துணை மானியங்களுக்குக் கதவடைத்தது. முன்னது மருந்து வழங்கலையும் பின்னது ஆராய்ச்சியையும் தொட்டது. நோயாளி எண்ணிக்கை குறையக் குறைய, ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்கும் செலவு ஏறும், கொடுப்பவரின் ஆர்வமோ இறங்கும். என் பார்வையில் உண்மையான சிக்கல் இதுதான்.

இனி உங்கள் அறக்கட்டளைக்கு வருகிறேன், அண்ணாச்சி. வருமான வரி விலக்கு பெற்ற இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி இல்லாத நிலையில், அத்தொகைக்கு விலக்கு கிடைக்காது. அன்னியச் செலாவணி விதிகளையும் பார்க்க வேண்டும். எனவே காங்கோவுக்கோ டி.என்.டி.ஐ. இருக்கும் ஜெனீவாவுக்கோ பணம் அனுப்பத் தீர்மானம் போடுவதற்கு முன் உங்கள் தணிக்கையாளரைக் கலந்து பேசுங்கள்.

குழித்துறை வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. அனுமதி விஷயம் எங்கள் குழுவில் யாருக்கும் தோன்றவே இல்லை. அப்படியானால் இந்தியாவுக்குள்ளேயே செலவிட்டு, ஆப்பிரிக்காவுக்கும் பயன்படும் ஆராய்ச்சி ஏதேனும் உண்டா? எங்களால் கொடுக்க முடிவது ஓர் ஆய்வு மாணவரின் ஓராண்டுச் செலவுக்கு மேல் வராது.

பழையாற்றங்கரை எழுதியது:

உண்டு. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் (கொசு போன்ற) நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் யானைக்கால் நோயில் நீண்ட அனுபவம் உள்ளது; அங்கும் இங்கும் ஒரே புழுதான் என்பதால் சோதனை முறைகளும் கொசு ஆய்வும் இரு கண்டங்களுக்கும் உதவும். அத்தகைய அரசு நிறுவனத்திலோ நம் மாவட்டக் கல்லூரி ஒன்றின் விலங்கியல், நுண்ணுயிரியல் துறையிலோ, மருந்து வழங்கி முடித்த ஊர்களில் நோய் திரும்புகிறதா என்று கொசுவைப் பிடித்துச் சோதிக்கும் ஆய்வு மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை கொடுப்பது உங்கள் தொகைக்குப் பொருந்தும். மருந்து நிறுத்திய பிறகான கண்காணிப்புக்கு மனமுவந்து பணம் கொடுப்பவர்கள் எங்கும் குறைவு. தொகையை ஒரே தவணையில் கொடுக்காமல், துறைத் தலைவரிடம் எழுத்து மூலம் திட்டம் கேட்டு வாங்கி, ஆறு மாத அறிக்கைக்குப் பிறகு மறுபாதியைக் கொடுங்கள்.