இனிட்ராம்எஃப்எஸ்: ‘வட்டு’ வேண்டாம், ‘மூட்டை’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

லினக்ஸ் தொடங்கும்போது அதன் கருவான கெர்னல் ரேமில் விரித்துக்கொள்ளும் முதல் கோப்புகளின் தொகுதிதான் இனிட்ராம்எஃப்எஸ் (initramfs). அதற்குத் தமிழில் ‘தொடக்க நினைவக வட்டு’ என்று சொல்லலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெயர் அதற்கு மூத்ததான இனிட்ஆர்டிக்கு (initrd) உரியது. அங்கே கெர்னல் ரேமின் ஒரு பகுதியை வட்டாகவே பாவித்து, அதிலுள்ள கோப்பு முறைமையை ஏற்றியது. லினக்ஸ் 2.6 காலத்தில் நிலைபெற்ற இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வட்டே கிடையாது. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் சிபியோ (cpio) வடிவில் கட்டியவற்றைக் கெர்னல் ரேமில் அவிழ்த்துக் கொட்டுகிறது. அவற்றுள் ‘இனிட்’ என்ற நிரல் முதல் செயலாக ஓடுகிறது.

பெயர்தானே என்று விட்டுவிடவும் மனமில்லை. என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் ‘வட்டு’ என்ற சொல்லை நம்பி, 64 எம்பி வெற்றுக் கோப்பை ஈஎக்ஸ்டி4 (ext4) என்ற வட்டுக் கோப்பு முறைமையாக வடிவமைத்து, மெய்நிகர் கணினியான க்யூஎமுவுக்குக் (QEMU) கொடுத்தார். சோதனைக்கென்று இளைக்கவைத்த கெர்னல் அது. ரேம் வட்டு இயக்கி அதில் இல்லை. மூலக் கோப்பு முறைமையை (root filesystem) ஏற்ற முடியவில்லை என்று சொல்லி விழுந்துவிட்டது. ஒரு மாலை முழுதும் போயிற்று. (க்யூஎமுவின் விருப்பத்தேர்வு இன்னும் ‘இனிட்ஆர்டி’ என்றே இருப்பதும் குழப்பத்துக்குத் துணை.)

‘இடைக்கால மூலக் கோப்பு முறைமை’ என்ற மாற்றும் எனக்கு உடன்பாடில்லை. மேசைக் கணினியில் அது இடைக்காலம்தான். உண்மையான வட்டு கிடைத்ததும் அங்கே குடிபோய்விடுகிறோம். கெர்னல் சோதனையிலோ குடிபோக வேறு வீடே இல்லை. அடிப்படைக் கட்டளைகளை ஒரே நிரலில் அடக்கிய பிசிபாக்ஸ் (BusyBox) ஒன்று, ஐந்தாறு வரியில் ஒரு ‘இனிட்’, சோதிக்க வேண்டிய நிரல்: அதிலேயே தொடங்கி அதிலேயே முடிகிறது.

என் பரிந்துரை ‘தொடக்க மூட்டை’. சந்தைச் சொல், மிடுக்கு போதாது என்பீர்கள். ஆனால் வினைகளைப் பாருங்கள்: மூட்டை கட்டுகிறோம், கெர்னல் மூட்டையை அவிழ்க்கிறது. நடப்பதும் அதுதான். ‘பொதி’ நிரல் தொகுப்புகளுக்குப் போய்விட்டது. ‘கட்டு’ என்று வைத்தால் இரண்டாம் வேற்றுமையில் ‘கட்டை’ ஆகிவிடும். கட்டையை யார் அவிழ்ப்பது?

கையேட்டில் எப்படி ஒலிக்கும் என்று எழுதிப் பார்த்தேன்:

“தொடக்க மூட்டை கட்டும்போது பிசிபாக்ஸை நிலையிணைப்பாகத் (தேவையான நூலகங்களை உள்ளடக்கி) தொகுக்கவும். இல்லையேல் ‘இனிட்’ மூட்டைக்குள் இருந்தாலும், கோப்பு இல்லை என்று கெர்னல் −2 பிழை காட்டும். உண்மையில் காணாமற்போனது அந்நிரல் தேடும் இயங்குநேர இணைப்பி (ஓடும்போது நூலகங்களை இணைப்பது). மூட்டையை நியூசி (newc) என்ற சிபியோ வடிவில் கட்டவும். பழைய சிபியோ வடிவங்களைக் கெர்னல் அவிழ்க்காது.”

எனக்கு உறுத்தவில்லை. ‘நிலையிணைப்பு’தான் சற்று நெருடுகிறது, அதற்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் தரவும். இனிட்ஆர்டிக்கு ‘தொடக்க நினைவக வட்டு’ அப்படியே இருக்கட்டும்.