கலைச்சொல்: வேதத்தின் வம்சப் பட்டியல்களுக்குக் 'கொடிவழி' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ் வேதபாட வகுப்புக்கான சொற்பட்டியலில் 'ஜீனியாலஜி'க்குத் தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. 'வம்சாவளி' போதும் என்று பாஸ்டர் ஐயா எழுதியிருந்தார். நம் நாட்டில் அந்தச் சொல் 'இந்திய வம்சாவளியினர்' என்று இனத்தைக் குறிக்கப் போய்விட்டதே, ஐயா. பழைய மொழிபெயர்ப்பின் 'வம்ச வரலாறு' அதைவிட மேல். ஆனால் 1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களைப் படித்துக் களைத்தவர் யாரும் அதை வரலாறு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

கத்தோலிக்க நண்பர் சொன்ன 'மூதாதையர் பட்டியல்' திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் மத்தேயு 1:1இல் உள்ளதுதான். அந்த இடத்துக்குப் பொருத்தம். ஆதியாகமம் 10இல் நோவாவின் பிள்ளைகளிலிருந்து கீழே இறங்குகிறது, 36இல் ஏசாவின் சந்ததி வருகிறது. அவற்றை மூதாதையர் பட்டியல் என்று எப்படிச் சொல்வது?

முன்மொழியப்பட்ட சொற்களில் 'மரபுவழி'தான் என்னை அதிகம் உறுத்துகிறது. இளையோருக்கு உடனே மரபணு நினைவுக்கு வரும். வேதம் இந்தப் பட்டியல்களைத் தருவது ரத்தப் பரிசோதனைக்காக அல்ல. மத்தேயு 'பெற்றான், பெற்றான்' என்று அடுக்கிக்கொண்டே வந்து, யோசேப்பிடம் நடையை மாற்றி, 'மரியாளுடைய புருஷனாகிய யோசேப்பு' என்கிறார்; இயேசு 'அவளிடத்தில்' பிறந்தார். தாவீதின் வாரிசுரிமை யோசேப்பு வழியாக வருகிறது, பிறப்பு அவர் வழியாக வரவில்லை. நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்ற மூன்று அரசர்களையும் காணோம். யோராமுக்கு அடுத்து நேராக உசியா. தலைமுறைகளை மூன்று பதினான்குகளாக அமைக்க வேண்டியிருந்தது. எபிரெயத்தில் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு; தாவீதின் பெயரெழுத்துகளைக் கூட்டினால் 4+6+4 = 14; அதற்காகத்தான் இந்த எண் என்று அறிஞர் பலர் சொல்வது எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது.

ரூத்தின் கதை இன்னும் சுவையானது. அவளுடைய இறந்துபோன கணவன் மக்லோனின் பெயர் நிலைக்க வேண்டும் என்றுதான் போவாஸ் அவளை மனைவியாகக் கொள்கிறான். ஆனால் பட்டியலில் ஓபேத்துக்குத் தகப்பன் போவாஸ். மக்லோன் பெயரே இல்லை. யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. இறந்த சகோதரனுக்குச் சந்ததி எழுப்பும் அந்த வழக்கத்தை வைத்தே 3ஆம் நூற்றாண்டில் ஜூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதை விளக்கினார். ஆக, பெற்றவர் யார், யார் பெயரில் எண்ணப்படுகிறார் என்ற இரண்டுக்கும் இடம்தரும் சொல் நமக்கு வேண்டும்.

கம்பனில் 'குலமுறை கிளத்து படலம்' இருக்கிறது. ஜனகன் அவையில் மாப்பிள்ளையின் முன்னோரை விசுவாமித்திரர் எடுத்துச் சொல்லும் இடம். மத்தேயு செய்வதும் ஏறக்குறைய அதுதான். சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள ஆசைதான், ஆனால் குலம் என்றதும் நம்மவர் காது ஜாதிக்குப் போய்விடும். அதனால் அகராதியில் ஏற்கெனவே உள்ள 'கொடிவழி'யை முன்வைக்கிறேன். ஆபிரகாமிலிருந்து வரும் மத்தேயுவினுடையது 'இறங்கு கொடிவழி'. இயேசுவில் தொடங்கி ஆதாம் வரை, அதற்கும் மேலே தேவன் வரை போகும் லூக்காவினுடையது 'ஏறு கொடிவழி'. ஏறுவரிசை, இறங்குவரிசை எல்லாம் தமிழ்ப்பள்ளிக் கணக்கிலேயே உண்டு, பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்காது.

> கொடிவழியை முன்வைக்கிறேன்

அக்கா, கொடி என்றால் தொப்புள்கொடி என்று கேட்கமாட்டார்களா? நீங்கள் எதைத் தவிர்க்கப் பார்த்தீர்களோ அதுவே பின்வாசல் வழியாக வருகிறது. வம்சப் பட்டியலுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் 'சலாசிலா'வின் அரபி வேருக்குச் சங்கிலி என்று பொருள். அதுபோல 'பெயர்த்தொடர்' என்று வைத்தால் பிறப்பைப் பற்றிய பேச்சே எழாது. லூக்காவின் கிரேக்கத்திலும் 'குமாரன்' தொடக்கத்தில் ஒரு தடவைதான். பிறகு 'ஏலியின், மாத்தாத்தின்' என்று வெறும் வேற்றுமை உருபுதான் ஓடுகிறது. நம் ஐசியில் (அடையாள அட்டையில்) தகப்பன் பெயருக்கு முன் வரும் அந்த 'அனாக் லெலாக்கி'யையும் (மலாயில் 'மகன்') எடுத்துவிட்டால் எப்படியோ, அது மாதிரி.
– பட்டர்வொர்த்திலிருந்து

தம்பி, லூக்கா பற்றிய குறிப்பு அருமை, பாடத்தில் சேர்த்துவிடுகிறேன். ஆனால் 'பெயர்த்தொடர்' இலக்கண வகுப்புச் சொல் மாதிரி இருக்கிறது. வருகைப் பதிவேட்டுக்குக்கூட அது பொருந்திவிடும். தொப்புள்கொடி ஐயம் நியாயம்தான். அதற்காக விளக்கக் குறிப்பில் 'பிறப்பாலோ உரிமையாலோ தொடரும் வழி' என்று ஒரு வரி போடலாம்.
– அக்கா

> ஏறு கொடிவழி

வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, சரி. சேர்த்து எழுதுவதா, பிரித்தா? சனிக்கிழமைக்குள் சொன்னால் அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். கொடிவழிக்கு என் ஓட்டு.
– பாஸ்டர்