நான்காம் நாளும் காய்ச்சல் தணியவில்லை: மெரோபெனம் அளவு போதவில்லையா?

கேள்வி (வள்ளியூர் மருத்துவர்)

வணக்கம். வள்ளியூரில் எட்டுப் படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவைக் கவனித்து வருகிறேன். நாங்குநேரி அருகே நான்குவழிச் சாலையில் விபத்துக்குள்ளாகித் தலையில் அடிபட்ட 24 வயது இளைஞருக்கு, வென்டிலேட்டரில் இருக்கும்போது நிமோனியா வந்துவிட்டது. சளிப் பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது, மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு எம்.ஐ.சி. (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்துச் செறிவு) 2. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் வீதம் அரை மணி நேரத்தில் ஏற்றுகிறோம். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 0.5 தான், ஆனாலும் நான்காம் நாளாகக் காய்ச்சல் தணியவில்லை. அடுத்த படுக்கையில் களக்காட்டைச் சேர்ந்த 68 வயது வாழை விவசாயி, சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் பரவி, கிரியேட்டினின் 2.6 என்ற நிலையில் நேற்றிரவு வந்தார். அவருக்கு முதல் ஊசியையே பாதியாகக் குறைத்துவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. எதை வைத்துக் கணக்கிடுவது?

பதில் 1 (பாளையங்கோட்டை, தீவிர சிகிச்சை மருத்துவர்)

தம்பி, கிரியேட்டினின் 0.5 என்றவுடன் நமக்கு நிம்மதி வந்துவிடுகிறது; காயம்பட்ட இளைஞரிடம் அதுவே சிறுநீரகம் மிகை வேகத்தில் மருந்தை வெளியேற்றுவதன் அடையாளமாக இருக்கலாம். எட்டு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துக் கணக்கிட்டுப் பாருங்கள். சிறுநீர் 1,200 மி.லி., அதில் கிரியேட்டினின் 40, இரத்தத்தில் 0.5 என்றால், 40-ஐ 1,200-ஆல் பெருக்கி, 0.5-ஐ 480 நிமிடங்களால் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், நிமிடத்துக்கு 200 மி.லி. வரும்; சிறுநீரகம் அவ்வளவு இரத்தத்திலிருந்து கிரியேட்டினினை நீக்குகிறது என்று பொருள். 130-ஐத் தாண்டினாலே வழக்கமான அளவு போதாமல் போகக்கூடும். மெரோபெனம் கிருமியைக் கொல்வது, அதன் செறிவு எம்.ஐ.சி.க்கு மேல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே அவருக்கு 2 கிராம் வீதம், ஒவ்வொன்றையும் மூன்று மணி நேரம் ஏற்றுவதே என் தேர்வாக இருக்கும். அதோடு, சீழ் வேறெங்காவது தேங்கியிருக்கிறதா என்பதையும் தேடுங்கள்.

விவசாயியைப் பொறுத்தவரை, முதல் ஊசியைக் குறைத்திருக்க வேண்டாம். செப்சிஸில் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலையில்) நாம் ஏற்றும் திரவமும் கசியும் இரத்தக் குழாய்களும் மருந்து பரவும் இடத்தை விரிவாக்குகின்றன. அந்த இடத்தை நிரப்புவதே முதல் ஊசியின் வேலை. சிறுநீரகத்தின் நிலை அதன்பின் வரும் ஊசிகளைத்தான் தீர்மானிக்கிறது. செப்சிஸோடு வரும் சிறுநீரகப் பாதிப்பு பலருக்கு இரண்டு நாட்களுக்குள் தேறத் தொடங்கிவிடுவதால், நான் முதல் 48 மணி நேரம் மெரோபெனம் போன்ற பீட்டா லாக்டம் மருந்துகளை அவசரப்பட்டுக் குறைப்பதில்லை. அமிக்காசின் என்ற ஆன்டிபயாட்டிக் வேறு வகை. அதற்கு உச்சச் செறிவே முக்கியம் என்பதால், பிரித்துக் கொடுக்காமல் ஒரே தடவையில் கிலோவுக்கு 25 மி.கி. கொடுத்து, சிறுநீரகம் மந்தமாக இருந்தால் இடைவெளியை நீட்ட வேண்டும்.

பதில் 2 (திருநெல்வேலி, மருந்தியலாளர்)

ஐயா சொன்ன மூன்று மணி நேர முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. 100 மி.லி. சலைனில் கலந்து ஏற்றும்போது, பாட்டில் காலியான பின்னும் குழாயில் 15 முதல் 20 மி.லி. வரை தங்கிவிடும். அதைச் சலைன் விட்டுத் தள்ளாவிட்டால், நோயாளிக்குரிய மருந்தில் ஆறில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஏ.சி. நின்றுவிட்டால், கரைத்த மெரோபெனம் விரைவாகச் சிதையும். ஆகவே 24 மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே பையில் கலந்து வைக்காதீர்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தலைக்காயத்துக்காக இளைஞருக்கு வலிப்பு மருந்தான வால்புரோயேட் போகிறதா? மெரோபெனம் அதன் அளவை ஓரிரு நாட்களிலேயே மிகவும் கீழே இறக்கிவிடும். வால்புரோயேட் அளவைக் கூட்டினாலும் ஈடுசெய்ய முடியாது.

பதில் 3 (தென்காசி, மருத்துவர்)

பீட்டா லாக்டம் மருந்தை இடைவெளி விட்டு ஏற்றாமல் நாள் முழுதும் தொடர்ந்து ஏற்றினால் உயிர் பிழைப்பது கூடுமா என்பதை பிளிங் 3 (BLING III) ஆய்வு சுமார் 7,000 நோயாளிகளிடம் பார்த்தது. 2024-இல் வெளியான முடிவின்படி, 90 நாளுக்குள் இறந்தோர் இடைவெளி விட்டு ஏற்றியவர்களில் 26.8 சதவீதம், தொடர்ந்து ஏற்றியவர்களில் 24.9 சதவீதம்; இந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியாகவில்லை. நோய் குணமானோர் 50 சதவீதத்திலிருந்து 55.7 சதவீதமாகக் கூடினர். செலவு ஏதும் கூடாத மாற்றத்துக்கு இந்தச் சான்று எனக்குப் போதுமானது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வால்புரோயேட் போய்க்கொண்டுதான் இருந்தது; வேறொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டத்துக்கு மாற்றிவிட்டேன். எட்டு மணி நேரச் சிறுநீர்க் கணக்கில் இளைஞருக்கு நிமிடத்துக்கு 174 மி.லி. வந்தது. இன்றிரவு 10 மணியிலிருந்து 2 கிராம் தொடங்குகிறோம். குழாயைச் சலைனால் தள்ளுவதைச் செவிலியர்களின் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். விவசாயிக்கு விட்டுப்போன பாதி அளவைக் காலையிலேயே கொடுத்துவிட்டேன். சிறுநீர் மணிக்கு 40 மி.லி. போகிறது.