வைக்கோல் கட்டு 600 ரூபா, உள்ளே பூஞ்சணம்: கொழும்பில் மாடு வைத்திருப்பவர்கள் எங்கே எடுக்கிறீர்கள்?

மட்டக்குளி மாட்டுக்காரன்:
வணக்கம். வீட்டோடு மூன்று கறவை மாடும் ஒரு கன்றும் வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் களனி ஆற்றங்கரைப் புல்லே போதும். இப்போது அங்கே முழுக்க வீடு. ரோட்டோரப் புல்லில் பொலித்தீன். அதைத் தின்று போன வருஷம் ஒரு பசு வயிறு உப்பிச் செத்தது. அதிலிருந்து அந்தப் புல்லை நான் தொடுவதில்லை, வைக்கோல்தான்.

போன கிழமை ஒரு வியாபாரி 60 கட்டு இறக்கினார். கட்டு 18 கிலோ, வீட்டுக்கே கொண்டுவந்து தர 600 ரூபா என்று பேச்சு. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் 13 கிலோ. கயிற்றை அறுத்தேன். வெளியே பொன் நிறம். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒட்டிப்போய், உதறினால் வெள்ளைத் தூசி. கையை விட்டால் சூடு. எங்கள் பசு லட்சுமி ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெட்டதைக் கழித்தால் தேறியது 9 கிலோ. கிலோ 33 ரூபா என்று நினைத்து வாங்கினது 66 ரூபா ஆகிவிட்டது.

கட்டை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அறுவடை நேரத்தில் மொத்தமாக எடுத்து வைக்கலாமா?

கிளிநொச்சி வயல்காரன்:
தம்பி, பூஞ்சணம் பிடித்ததை உலர்த்திக்கூடப் போடாதீர்கள். சினை மாடு கன்று வீசிவிடும். நஞ்சு பாலிலும் இறங்கும்.

இது வயலிலேயே நடக்கிற கோளாறு. அறுவடை மெசின் நெல்லை வெட்டிக்கொண்டு போகும்போது வைக்கோலை வரிசையாகப் பின்னால் தள்ளும். அது நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடந்து காய வேண்டும். மாரி மழையில் விளைகிற காலபோக நெல்லின் அறுவடை தை, மாசியில் வரும். அந்த நேரம் ஒரு மழை விழுந்தால், அடுத்த வயலுக்குப் போகிற அவசரத்தில் ஈரத்தோடு கட்டிவிடுவார்கள். வெளிப்பக்கம் காய்ந்துவிடும், நடு அவியும். கோடையில் செய்கிற சிறுபோகத்தின் வைக்கோல் கடும் வெயிலில் அறுப்பதால் சுத்தமாக இருக்கும். ஆனால் இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கிற அளவுக்குத்தான் இங்கே சிறுபோகம், அதனால் வைக்கோலும் குறைவு.

விலை மலிவு அறுவடை முடிந்த கையோடுதான். ஆனால் கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். வைக்கோல் பாரமில்லாத சாமான். லொறி நிறையும், நிறை ஏறாது. நீங்கள் கொடுக்கிற காசில் பெரிய பங்கு லொறிக்கூலிதான். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு லொறி பிடியுங்கள். கட்டுக் கணக்கில் பேசாதீர்கள், கிலோக் கணக்கில் பேசுங்கள்.

ஜா-எல ஆள்:
குருநாகல் பக்கம் கேட்டீர்களா? ஏறக்குறைய 100 கிலோமீற்றர்தான். நான் அங்கேதான் எடுக்கிறேன். லொறியில் ஏற்றும் முன் பத்துக்கு ஒரு கட்டைப் பிரித்துப் பார்ப்பேன். பிரிக்க விடாதவரிடம் வாங்குவதில்லை.

வத்தளை பால்கார அக்கா:
தம்பி, எவ்வளவு நல்ல வைக்கோலானாலும் அது வயிற்றை நிரப்பும், பாலைத் தராது. அதில் புரதம் நூற்றுக்கு நாலு அளவுதான். நான் யூரியா போட்டு ஊறவைக்கிறேன். காய்ந்த வைக்கோல் 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, தண்ணீர் 100 லீற்றர். அடுக்கு அடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் போகாமல் மூடி மூன்று கிழமை. திறந்து நெடி போகக் காற்றாட விட்டுத்தான் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாத் தண்ணீர் வாளியை மாட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், குடித்தால் உயிர் போய்விடும். பூஞ்சண வைக்கோலை இப்படிச் சரிக்கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

அப்புறம் வேலியில் கிளிரிசிடியா மரத்தின் நாலு தடி ஊன்றுங்கள். குழையை வெட்டி ஒரு நாள் வாடவிட்டுக் கொடுத்தால் தின்னும்.

மட்டக்குளி மாட்டுக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மிச்சக் கட்டுகளையும் பிரித்தேன். 22 கட்டு சுத்தமாக இருக்கிறது. பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டேன். மற்றதை எருவுக்குக் குவித்தாயிற்று. அக்கா, உங்களுக்கும் சேர்த்து மாசியில் லொறி பிடிக்கலாமா? ஜா-எல அண்ணனும் வந்தால் மூன்று பேர். தராசு நான் கொண்டுவருகிறேன்.