நாயின் இதய நோயை ரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?

வாலாட்டி:
எங்கள் கேவலியர் இன நாய்க்கு ஒன்பது வயது. இதயத்தின் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு கசிகிறது, இதயம் இன்னும் பெரிதாகவில்லை. இது பி1 நிலையாம்; இதயம் பெரிதானால் பி2. எக்கோ என்ற இதய ஸ்கேனை அவ்வப்போது எடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். ஆனால் இதயம் தளர்ந்த நாய்களின் ரத்தத்தில், கொழுப்பு அமிலமும் கார்னிடைனும் சேர்ந்த அசைல்கார்னிடைன் ஏறியிருக்கும் என்று படித்தேன். அதைப் பார்க்காமல் ஏன் சும்மா இருக்க வேண்டும்?

எக்கோபிரியன்:
பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்? 2016-இல் வந்த எபிக் ஆய்வில் பிமோபென்டான் இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது. அந்த மாத்திரை பி2 நாய்க்குத்தான். அதை முடிவு செய்வது இதயத்தின் இடது மேலறை, அயோர்ட்டா என்ற பெரிய ரத்தக்குழாயைப் போல 1.6 மடங்காவது இருக்கிறதா என்பது போன்ற அளவுகள். அசைல்கார்னிடைனுக்கு அதில் இடமே இல்லை.

அடுப்படி:
இடம் இல்லை என்பதால் பொருளும் இல்லையா? இதயம் பெரும்பாலும் கொழுப்பை எரித்துத்தான் ஓடுகிறது. கொழுப்பு அமிலம் கார்னிடைனின் தோளில் ஏறித்தான் செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும். உள்ளே எரிவது மந்தமானால், பாதியில் நின்ற சுமை ரத்தத்துக்கு வழிகிறது. விறகு சரியாக எரியாவிட்டால் புகை வருமே, அதுதான் இது.

எக்கோபிரியன்:
சரி, யார் வீட்டுப் புகை? தசையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும்கூட வரும். ராத்திரி சாப்பிடாத நாய்க்கும் ஏறும். செயலிழப்பில் உள்ள நாய் பெரும்பாலும் கிழடு, தசை கரைந்தது, சிறுநீரைப் பெருக்கும் ஃபியூரோசெமைடு மருந்து வேறு. அந்த மருந்தே ரத்தத்தில் யூரியா என்ற கழிவை ஏற்றிவிடும். இதில் இதயத்தின் கணக்கை எப்படிப் பிரிப்பீர்கள்?

அடுப்படி:
பட்டினி விஷயம் நியாயம்தான். ஆனால் டாரின் என்ற அமினோ அமிலத்தை மறந்துவிட்டீர்கள். இதயத் தசை தளர்ந்த கோல்டன் ரிட்ரீவருக்கு ரத்த டாரின் குறைவாக இருந்து, உணவை மாற்றி டாரினும் கொடுத்ததில் இதயம் தேறிய கதைகள் உண்டு. அங்கே ரத்தம்தானே சிகிச்சையை மாற்றியது?

எக்கோபிரியன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேறு நோய். இவர் நாய்க்கு வால்வுக் கோளாறு. தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். செலவே இல்லாத பரிசோதனை.

வாலாட்டி:
நேற்று எண்ணினேன், 18. நடுவில் கனவில் எதையோ துரத்தியதால் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. அப்புறம் ஒன்று: போன தடவை ரத்தம் எடுக்கப் போகும் வழியெல்லாம் பிஸ்கட் தின்றுகொண்டே வந்தது.

அடுப்படி:
அப்படியென்றால் அந்த ரிப்போர்ட்டில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறியிருந்தால் இதயத்தின் மேல் பழி போடாதீர்கள்.