தண்ணீர் லாரிக்கு எட்டு அடி

வாட்ஸ்அப் குழு: தேரடி வீடு, திருவொற்றியூர்
சனிக்கிழமை

முருகன் (மாலை 6.42): எல்லோருக்கும் ஒரு செய்தி. புதிதாக ஒரு சின்னக் கார் வாங்கலாம் என்று இருக்கிறேன். முன்பணம் கட்டுவதற்குள் ஆளுக்கு ஒரு கருத்து சொல்லுங்கள்.

லட்சுமி: அண்ணா! வெள்ளை நிறம் மட்டும் வேண்டாம். எண்ணூர்ப் பக்கத்துத் தூசிக்கு இரண்டு நாளில் சாம்பல் பூசிக்கொள்ளும்.

செந்தில்: கருத்து கேட்கிறாயா, முடிவைச் சொல்கிறாயா?

ஏழுமலை: எங்கே நிறுத்துவாய்?

முருகன்: சித்தப்பா, முதலில் எந்த வண்டி என்று கேளுங்களேன்.

ஏழுமலை: எந்த வண்டியானாலும் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். முப்பத்திரண்டு வருடம் டிப்போவில் பஸ்ஸோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

முருகன்: வரி குறைந்திருக்கிறது, அதனால்தான் யோசனையே வந்தது. நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு முன்பு 28 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி 1 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான்.

செந்தில்: அது ஷோரூம் விலையில். நம் மாநிலத்தில் வாழ்நாள் வரி என்று ஒன்று இருக்கிறதே! வண்டி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், அதைத் தாண்டி 10 லட்சம் வரை 13 சதவீதம். 5.5 லட்சம் வண்டிக்கு அதுவே 71,500 ரூபாய். காப்பீடு, பதிவு எல்லாம் சேர்ந்து வாசலுக்கு வரும்போது ஆறரை லட்சத்தில் வந்து நிற்கும்.

முருகன்: கையில் இரண்டரை இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்குக் கடன்.

செந்தில்: 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள். ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 8,303. ஏழு வருடம் என்றால் 6,436. குறைவாக இருக்கிறதே என்று மயங்காதே. ஐந்து வருடத்தில் மொத்தம் 4.98 லட்சம் கட்டுவாய், ஏழு வருடத்தில் 5.4 லட்சம்.

கலா: இந்தக் கணக்கை நான் நேற்று இரவே கேட்டேன். "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கிவிட்டார்.

பிரியா: அப்பா, நானும் ஒரு கணக்கு போட்டேன். ஆயாவுக்கு வாரம் இரண்டு நாள் முட்டி வைத்தியம். ஆட்டோ போகவர 450 ரூபாய், மாதத்துக்கு 3,600. கல்யாணம் காட்சிக்கு வாடகைக் கார் 2,000. மொத்தம் 5,600.
காருக்குத் தவணை 8,303. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால், இந்த நெரிசலில் லிட்டருக்கு 15 கிடைத்தாலே புண்ணியம், பெட்ரோலும் நூறைத் தாண்டிவிட்டது, சுமார் 3,400. சர்வீஸுக்கும் அடுத்த வருடக் காப்பீட்டுக்கும் மாதம் 1,500 எடுத்து வைக்க வேண்டும். 13,000 தாண்டுகிறது.

செந்தில்: என் வேலையை இவளிடம் கொடுத்துவிடலாம்.

பிரியா: இன்னொன்று. நீங்கள் மணலிக்குப் போவது பைக்கில். கண்டெய்னர் லாரி வரிசையில் காரை விட்டால் மதியச் சாப்பாட்டு வேளைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். நான் கல்லூரிக்குப் போவது தேரடி மெட்ரோவில். அப்படியானால் கார் யாருக்கு?

முருகன்: ஆடி மாதத்து அந்த இரவை மறந்துவிட்டாயா? ஆயாவுக்கு மூச்சு வாங்கியது. மணி ஒன்றரை. ஒரு ஆட்டோ கிடைக்கவில்லை.

(சற்று நேரம் யாரும் எழுதவில்லை)

கலா: மறக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று ஆட்டோ, ஆட்டோ என்று தெருவெல்லாம் ஓடினோமே தவிர 108 என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. இப்போது குளிர்பெட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஏழுமலை: அந்த நேரத்துக்குக் கை நடுங்கிக்கொண்டு நீ காரைப் பின்னால் எடுத்து, தெருவை விட்டு வெளியேற்றி... வேண்டாம். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும்.

லட்சுமி: பழைய கார் வாங்கினால் என்ன? எங்கள் காலடிப்பேட்டையில் ஒருவர் இரண்டு லட்சத்துக்குத் தருகிறார். பார்க்கப் பளபளவென்று இருக்கிறது.

ஏழுமலை: பளபளப்புதான் பயமே. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை வண்டி மூழ்கியது! கழுவித் துடைத்து விற்றுவிடுவார்கள். பார்க்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார், சேற்றுக் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடு. சீட்டுக்கு அடியில் நகருகிற தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரைவிரிப்புக்கு அடியில் கை வைத்தால் ஈரவாடை வருகிறதா, இதெல்லாம் பார். அதோடு 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு அதன் ரப்பர் குழாய்கள் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும்.

முருகன்: அதனால்தான் புதியது என்கிறேன்.

ஏழுமலை: புதியதும் அதே தண்ணீரில்தானே நிற்கப்போகிறது? வெளியே முழங்கால் தண்ணீர், வண்டி அணைந்துவிட்டது என்றால் மறுபடி சாவியைத் திருகவே கூடாது. காற்று இழுக்கிற வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் பிஸ்டனால் தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். திருகியது உன் தவறு என்று காப்பீட்டுக்காரன் கையை விரிப்பான். காப்பீட்டிலேயே எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு இருக்கிறது. எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதே. கடல் உப்புக்கு அடித்தகட்டில் துருத்தடுப்பும் அடிக்க வேண்டும்.

முருகன்: ஆக, வாங்கலாம் என்கிறீர்கள்!

ஏழுமலை: வாங்கினால் என்றேன்.

பிரியா: பார்த்து வைத்திருக்கும் வண்டிகளின் பெயரைச் சொல்லுங்கள் அப்பா.

முருகன்: ஆல்டோ கே10, வேகன் ஆர், பஞ்ச்.

பிரியா: குளோபல் என்கேப் மோதல் சோதனையில், 2023இல், ஆல்டோ கே10க்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் இரண்டு நட்சத்திரம், வேகன் ஆருக்கு ஒன்று. பஞ்சுக்கு 2021இலேயே ஐந்து.

முருகன்: இப்போது ஆல்டோவிலேயே ஆறு காற்றுப்பை வந்துவிட்டது.

பிரியா: காற்றுப்பை வேறு, வண்டிக் கூட்டின் வலு வேறு.

கலா: ஆல்டோ வேண்டாம். அத்தையால் அவ்வளவு கீழே குனிந்து உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. வேகன் ஆர் என்றால் நாற்காலியில் உட்காருவது போல உட்காரலாம். பக்கத்துத் தெரு டீச்சர் வீட்டு வண்டியில் ஏறிப் பார்த்திருக்கிறார்.

முருகன்: பஞ்சும் உயரமான வண்டிதான். கதவும் தொண்ணூறு டிகிரிக்கு அகலமாகத் திறக்கும்.

ஏழுமலை: அகலம்?

முருகன்: 1,742 மில்லிமீட்டர். வேகன் ஆர் 1,620. ஆல்டோ 1,490.

ஏழுமலை: நாளைக் காலை டேப்போடு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

ஏழுமலை (காலை 7.10): (படம்) (படம்) நம் வீட்டுத் திண்ணை ஓரத்திலிருந்து எதிர்ச்சுவர் வரை பன்னிரண்டரை அடி. தண்ணீர் லாரிக்கு எட்டு அடி வேண்டும். சுவரை ஒட்டி அரை அடி விட்டு நிறுத்தினால் மிச்சம்:
ஆல்டோ, ஏழு அடி ஒரு அங்குலம்.
வேகன் ஆர், ஆறு அடி எட்டு அங்குலம்.
பஞ்ச், ஆறு அடி மூன்று அங்குலம்.
எதுவும் ஆகாது.

லட்சுமி: தண்ணீர் லாரியை மறித்தால் அந்தத் தெருவில் நமக்கு ஒரு குடம்கூட இறங்காது. பாட்டும் தனியாக வரும்.

செந்தில்: லாரி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தானே? அந்த நாளில் மட்டும் எடுத்துவிட்டால்?

கலா: லாரிக்கு நேரம் காலம் உண்டா? இவர் ஷிப்டில் இருக்கும்போது வந்தால் சாவியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எனக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும்.

முருகன்: ஒரு யோசனை. திண்ணை ஒன்றரை அடி. அதை எடுத்துவிட்டால் வேகன் ஆருக்கு எட்டு அடி இரண்டு அங்குலம் கிடைக்கும்.

பிரியா: அப்பா. ஆயா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் சத்தமாகப் படித்துவிட்டேன்.

ஆயா (பிரியாவின் கைபேசியிலிருந்து குரல் பதிவு, பிரியா எழுதியது): டேய் முருகா. இந்தத் திண்ணை உங்கள் அப்பா கைப்பட சிமென்ட் பூசியது. சாயங்காலம் நான் உட்கார்ந்தால் ஆறு பேர் வந்து உட்காருவார்கள். காரில் எத்தனை பேர்?

செந்தில்: ஐந்து பேர்.

ஏழுமலை: அண்ணி ஜெயித்துவிட்டார்.

முருகன்: சரி, திண்ணையைத் தொடவில்லை. தெருமுனை மரக்கடை வளாகத்தில் மாதம் இரண்டாயிரத்துக்கு இடம் தருகிறார்களாம். இப்போதுதான் பேசினேன்.

கலா: இரவு?

முருகன்: பத்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்களாம். காலை ஆறுக்குத் திறப்பார்களாம்.

கலா: நடுராத்திரி அவசரத்துக்கென்று கார். நடுராத்திரியில் அது பூட்டுக்குள். மாதச் செலவு இப்போது பதினைந்தாயிரம்.

ஏழுமலை: முருகா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. ஆசைக்கு வாங்குகிறேன் என்று சொல். கணக்கே கேட்க மாட்டேன். நான் 1989இல் ராஜ்தூத் வாங்கியபோது எந்தக் கணக்கும் வரவில்லை. ஆசைக்கு வைத்தியம், அவசரம் என்று பெயர் வைக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

(முருகன் எழுதிக்கொண்டிருக்கிறார். நிறுத்துகிறார். மறுபடி எழுதுகிறார்.)

முருகன்: ஆசைதான் சித்தப்பா. அம்மா ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்ப்பார். காலையில் மேலூர் திருவுடையம்மன், மதியம் நம் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். எல்லாம் பஸ்ஸில். சின்ன வயதில் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போவார். முட்டி போனதிலிருந்து நான்கு வருடமாக வடிவுடையம்மனோடு நிறுத்திக்கொண்டார். சொந்த வண்டியில் உட்காரவைத்து அழைத்துப் போக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான்.

லட்சுமி: இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன அண்ணா? ஜி.எஸ்.டி. எல்லாம் படித்தோமே!

கலா: பௌர்ணமி மாதத்துக்கு ஒன்று. நாமே ஓட்டுகிற வாடகை வண்டி ஒரு நாளைக்கு 2,500 என்று வைத்தாலும் வருடத்துக்கு 30,000. சொந்த வண்டிக்கு 1,80,000. வேகன் ஆரையே வாடகைக்கு எடுங்கள். அத்தை முட்டி எப்படி மடங்குகிறது, உங்களுக்கு நெரிசலில் கால் எப்படி வலிக்கிறது என்று மூன்று பௌர்ணமி பார்ப்போம். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் நானே முன்பணம் கட்டுகிறேன்.

செந்தில்: அண்ணி சொன்னபடி. அந்த இரண்டரை லட்சத்தை அதுவரை வைப்பில் போடு.

பிரியா: அடுத்த மாதம் நட்சத்திரம் அதிகமுள்ள வண்டியை எடுக்கலாம். மேலூர்ச் சாலையிலும் லாரிகள்தான்.

முருகன்: சரி. (கட்டைவிரல் படம்)

லட்சுமி: வரும் பௌர்ணமி வெள்ளிக்கிழமை. கூட்டம் அலைமோதும். நானும் வருகிறேன், பின்சீட்டில் எனக்கு ஓர் இடம்.

ஏழுமலை: வெள்ளி தண்ணீர் லாரி வருகிற நாள். வண்டியைத் தெருவுக்குள் கொண்டுவராதே.

முருகன்: தெருமுனையில் நிறுத்துகிறேன். அங்குவரை அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். செந்தில், ஐந்தரைக்கு வந்துவிடு.

பிரியா: ஆயா சொல்கிறார்: தெருமுனைவரை தானே நடந்து வருவாராம். நாற்காலியில் தூக்கிப்போவதைத் தேரடியில் யாராவது பார்த்தால் மானம் போய்விடுமாம். ஐந்தரை இல்லையாம், ஐந்து மணியாம்.